மவுஸை எண்ணினால் மவுஸ்தான் அசையும்

கேள்வி: அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்யும் டீம் ஒன்றுக்கு நான் லீட். 11 பேர். கொரோனாவுக்குப் பிறகு எல்லோருமே வீட்டிலிருந்துதான் வேலை. தேனி, நாகர்கோவில், ஈரோடு, கும்பகோணம் என்று ஆளுக்கொரு ஊர். ஷிப்ட் முழுக்க கேமராவை ஆன் செய்து வைக்கச் சொல்லிவிட்டேன், மவுஸ் அசைவைக் கணக்கெடுக்கும் சாஃப்ட்வேரும் போட்டாயிற்று. அப்படியும் வேலை தேங்குகிறது. நன்றாக வேலை செய்த 2 பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். கண்ணில் படாத ஆட்களிடம் எப்படித்தான் வேலை வாங்குவது?
– பெயர் வேண்டாம், வேளச்சேரி

பதில்: முதலில் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி விடிகாலை மூன்றரை வரை ஓடுகிற ஷிப்ட். ஹாலில் ஒரு மூலையில் மேஜை, பின்னால் மாமனார் படுத்திருக்கிறார், உள்ளே குழந்தை அழுகிறது, அதற்கு நடுவே ஒரு பெண் ஒன்பது மணி நேரம் உங்களுக்கு முகம் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். அதில் உங்களுக்குத் தெரிவது என்ன? நாற்காலியில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். இதே கேமரா விவகாரம் 2022-ல் நெதர்லாந்தில் கோர்ட்டுக்கே போனது. செட்டு என்ற ஃப்ளோரிடா கம்பெனி, நாள் முழுக்க கேமராவை ஓடவிட மறுத்த ஊழியரை வேலையைவிட்டு நீக்க, அது செல்லாது, சுமார் 75,000 யூரோ கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. நம் ஊரில் யாரும் உங்கள்மேல் வழக்குப் போடப்போவதில்லை, பேப்பர் போடுவார்கள். போட்டுவிட்டார்கள்.

மவுஸ் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. 2024-ல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கிற சின்னக் கருவி ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. நீங்கள் மவுஸை எண்ணினால் மவுஸ்தான் அசையும். இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்புகிற கிளெய்ம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆபீஸில் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருந்த காலத்தில் மட்டும் யார் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததா? தலைகள் தெரிந்தன, மனசு நிம்மதியாக இருந்தது. இந்த நிம்மதிக் குறைவு உங்களுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 2022-ல் மைக்ரோசாஃப்ட் 11 நாடுகளில் 20,000 பேரிடம் எடுத்த சர்வேயில், ஊழியர்களில் 87 சதவீதம் பேர் நாங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறோம் என்றார்கள். மேலே இருப்பவர்களில் 85 சதவீதம் பேரோ, இப்படி வீடும் ஆபீஸுமாகப் பிரிந்த பிறகு அதை நம்புவது கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். யார் சொல்வது சரி என்று அந்த சர்வே சொல்லவில்லை. ஆனால் உங்கள் தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. சீனாவில் சிட்ரிப் என்ற பயண கம்பெனி, 2010 கடைசியில், தன் கால் சென்டர் ஆட்களில் விருப்பப்பட்டவர்களைப் பிறந்த தேதியை வைத்துப் பிரித்து, இரட்டைப்படைக்காரர்களை வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டது. ஒன்பது மாதத்தில் அவர்கள் வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் குழு ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இது. ஆக, வீடு என்பதாலேயே வேலை கெட்டுப்போவதில்லை. அங்கே ஒருவர் எத்தனை போன் கால் எடுத்தார், எப்படி முடித்தார் என்பது முன்பே அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. உங்களிடம் அது இருக்கிறதா?

இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தால், கேள்வியில் "வேலை தேங்குகிறது" என்று மொட்டையாக எழுதியிருக்க மாட்டீர்கள், எந்த இன்சூரன்ஸில் எத்தனை நாள் பழைய கிளெய்ம் எவ்வளவு கிடக்கிறது என்று எழுதியிருப்பீர்கள். மவுஸை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு ஆளுக்கு இத்தனை கிளெய்ம் என்று டார்கெட் வைக்கலாம் என்று உடனே தோன்றும், அதையும் செய்யாதீர்கள். எண்ணிக்கை கேட்டால் எல்லோரும் சுலபமானதைப் பொறுக்கி முடிப்பார்கள். தகவல் போதவில்லை என்று சிஓ-16 என்ற மறுப்புக் குறியீடு போட்டு இன்சூரன்ஸிலிருந்து திரும்பி வந்ததை எவன் நோண்டிக்கொண்டிருப்பான்? அது அப்படியே கிடந்து, கெடு தாண்டி, ஒருநாள் சிஓ-29, அதாவது கெடு முடிந்தது, பணம் கிடையாது என்று ஆகி நிற்கும். அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேரிலாவது ஒரு வருஷம் டைம் உண்டு, தனியாரில் 90 நாளோடு கதவைச் சாத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எண்ணிக்கையாகப் பிரிக்காமல், இந்த இன்சூரன்ஸ் முழுக்க உன் பொறுப்பு, அதில் 60 நாள் தாண்டியது எதுவும் கேட்பாரில்லாமல் கிடக்கக்கூடாது என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். எந்தக் கிளெய்ம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று காட்டுகிற ஏஜிங் ரிப்போர்ட்டை வாரம் ஒருமுறை நீங்கள் பார்த்தால் போதும், யார் உழைக்கிறார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது நோட்ஸ். உங்கள் சிஸ்டத்தைத் திறந்து ஒரு பத்து கிளெய்மின் நோட்ஸைப் படியுங்கள். "கால்டு இன்ஸ், இன் பிராசஸ்", அதாவது இன்சூரன்ஸுக்குப் போன் போட்டாச்சு, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாதியில் இருக்கும், பந்தயம். இதை எழுதியவர் லீவில் போனால் அடுத்தவர் மறுபடியும் முதலிலிருந்து போன் போட்டு, அரை மணி நேரம் ஹோல்டு மியூசிக் கேட்டு, அதே பதிலை வாங்கி, அதையே திரும்ப எழுதுவார். ஆபீஸில் இருந்தால் எட்டிப்பார்த்து, "ஏய், அது என்னாச்சு?" என்று கேட்டுவிடலாம், தேனியும் ஈரோடும் எட்டிப்பார்க்கிற தூரமா? அதனால் யாரிடம் பேசினோம், கால் ரெஃபரன்ஸ் நம்பர், அவர்கள் கேட்கிற பேப்பர் எது, அதை யார் அனுப்ப வேண்டும், திரும்ப எந்தத் தேதியில் பார்ப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். நீங்களும் அதேபோல எழுத வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸாப் குரூப்பில் "அந்த பெண்டிங்கைக் கொஞ்சம் பார்த்து முடிச்சிடுங்க" என்று போட்டால், எந்தப் பெண்டிங், யார் முடிப்பது, எப்போதைக்குள்? 11 பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஆபீஸே இல்லாமல் பல நாடுகளில் ஆள் வைத்து நடத்துகிற கிட்லேப் கம்பெனி, விதிமுறை எல்லாவற்றையும் பெரிய கையேடாக எழுதி ஊரே படிக்கிற மாதிரி இணையத்தில் போட்டிருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், நாலு பக்கம் போதும்.

நோயாளிகளின் விவரம் புழங்குகிற வேலை, அந்த விவரத்தைக் காக்கச் சொல்கிற அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் இருக்கிறது, கிளையண்ட் கண்காணிக்கச் சொல்கிறார் என்பீர்கள். நியாயம். விபிஎன், ஸ்கிரீன் லாக், யார் எந்த ஃபைலைத் திறந்தார் என்ற பதிவு, இதெல்லாம் இருக்கட்டும். எதைப் பதிவு செய்கிறீர்கள் என்று அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்த மவுஸ் சாஃப்ட்வேருக்குக் கட்டுகிற காசில் கரண்ட் அடிக்கடி போகிற ஊர்க்காரர்களுக்கு ஒரு யுபிஎஸ் வாங்கிக் கொடுங்கள். தேங்கிய வேலையில் கொஞ்சம் அதிலேயே குறையும்.

ஏமாற்றுகிறவர் யாராவது இருப்பாரா? 11 பேரில் ஒருவர் இருப்பார், ஆபீஸிலும் இருந்திருப்பார். ஏஜிங் ரிப்போர்ட்டில் மூன்று நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், திருந்தாவிட்டால் அனுப்பிவிடுங்கள்.

சிட்ரிப் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. வீட்டிலிருந்தவர்கள் அதே அளவு வேலை செய்தும் ஆபீஸ்காரர்கள் அளவுக்கு ப்ரமோஷன் வாங்கவில்லை. சோதனை முடிந்து, வீடா ஆபீஸா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பலர் ஆபீஸுக்கே திரும்பினார்கள், தனிமை தாங்கவில்லை. அப்ரைசல் நேரத்தில் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது யார் என்று பாருங்கள், அடிக்கடி போனில் பேசுகிறவர்தான் வருவார். நாகர்கோவிலில் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறவர் வரமாட்டார். எனவே ஒவ்வொருவரோடும் வாரத்துக்கு அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள், வேலைக் கணக்கு கேட்பதற்காக இல்லாமல், எங்கே முட்டுகிறது என்று கேட்பதற்காக. புதிதாகச் சேருகிற பிள்ளைகளை ஒரு சீனியரோடு ஸ்கிரீன் ஷேரில் உட்காரவையுங்கள், அவர்களைத் தனியே விட்டால் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டே தப்பு செய்வார்கள். வருஷத்தில் இரண்டு முறை எல்லோரையும் கம்பெனிச் செலவில் திருச்சிக்கு வரவழையுங்கள், எல்லோருக்கும் நடுவில் இருக்கிற ஊர், நல்ல சாப்பாடும் கிடைக்கும். பவர்பாயிண்ட் மட்டும் வேண்டாம்.