ஆறா, எட்டா? ஸ்விங் ஆடும்போது கால் ஏன் பின்தங்குகிறது

கேள்வி: மூன்று மாதமாக ஸ்விங் நடன வகுப்புக்குப் போகிறேன். அங்கே ஒரு சுற்று அடிக்கு ஆறு எண்ணிக்கை; லிண்டி ஹாப் காணொளிகளில் எட்டு. இரண்டும் வேறு நடனமா? வேகமான பாட்டு வந்தாலே கால் பின்தங்கிவிடுகிறதே, என்ன செய்யலாம்?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம்தான். தாய் லிண்டி ஹாப். 1920களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் சார்ல்ஸ்டன், பிரேக்அவே, டாப் என்ற நடனங்கள் எல்லாவற்றையும் கலந்து உருவாக்கியது. 1926இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடத்தில் வளர்ந்தது. அங்கே மேடைகள் இரண்டு. ஓர் இசைக்குழு வாசித்து முடித்ததும் மற்றது தொடங்கிவிடும், தளம் ஓயவே ஓயாது. லிண்டியில் ஆறும் உண்டு, எட்டும் உண்டு. ஆறை மட்டும் எடுத்து நடனப் பள்ளிகள் எளிமையாக்கியதுதான் ஈஸ்ட் கோஸ்ட் ஸ்விங்; உங்கள் வகுப்பின் ஆறு எண்ணிக்கை இதுதான்.

இசை எட்டெட்டாக ஓடும்போது நீங்கள் ஆறாறாக ஆடுகிறீர்கள். அதனால் உங்கள் 'ஒன்று' இசையின் 'ஒன்றோடு' சேர நான்கு சுற்று, அதாவது 24 தட்டு (பீட்) ஆகும். நடுவில் விலகித் தெரிவது பிழையல்ல; பயந்து காலை மாற்றாதீர்கள்.

கால் பின்தங்குவது பெரும்பாலும் ட்ரிப்பிள் ஸ்டெப்பால். இரண்டு தட்டுக்குள் மூன்று அடி. இதைச் சம இடைவெளியில் வைத்தால் அணிவகுப்பு போல விறைத்துவிடும். ஒரு தட்டைத் 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். 'த'வில் ஓர் அடி, 'கி'யில் காத்திருங்கள், 'ட'வில் சின்ன அடி, அடுத்த தட்டின் 'த'வில் மூன்றாவது. நீளம், குறுக்கம், நீளம்: ஸ்விங் என்ற பெயருக்கே உயிர் இதுதான். வாயால் சொல்ல வராதது காலிலும் வராது.

அடுத்தது ராக் ஸ்டெப்: ஒரு காலைப் பின்னால் வைத்து, உடனே முன்காலுக்கு எடையைத் திருப்புவது. பின்காலை ஒரு முழ தூரம் வீசினால் உடல் எடையும் கூடவே பின்னால் போகும். திரும்பி வருவதற்குள் தட்டு கடந்துவிடும். அரைப் பாத தூரம் போதும். முன்பாதத்தை மட்டும் ஊன்றுங்கள், குதிகாலில் எடையை இறக்க வேண்டாம். முழங்காலை இளக்கி, ஒவ்வொரு தட்டிலும் லேசாகக் கீழே அமுங்குங்கள். வேகம் கூடக் கூட அடி சுருங்க வேண்டும். பலர் பதற்றத்தில் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

நிமிடத்துக்கு 130 தட்டில் ஆரம்பித்து, மூச்சு வாங்காமல் ஒரு பாட்டு முழுக்க ஆட வந்ததும் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். 200ஐத் தாண்டினால் ட்ரிப்பிளை விட்டுவிட்டு சார்ல்ஸ்டன் உதைகளுக்கு மாறலாம். பால்போவா என்ற ஸ்விங் நடனமும் கைகொடுக்கும்: நெரிசலான தென் கலிபோர்னியக் கூடங்களில் பிறந்தது, மார்போடு மார்பு நெருங்கி, பாதத்தைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல் ஆடுவது. வெஸ்ட் கோஸ்ட் ஸ்விங் நேர்கோட்டில், பெரும்பாலும் மெதுவான பாட்டுக்கு ஆடுவது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

லிண்டியின் அடிப்படை அசைவான, எட்டு எண்ணிக்கையின் ஸ்விங் அவுட்டை இப்போதே தொடங்குங்கள். 1, 2 ராக் ஸ்டெப். 3, 4 ட்ரிப்பிள். 5, 6 நடை. 7, 8 ட்ரிப்பிள். நடத்துபவர் நீங்களானால், நான்கு முடியும்போது இணையின் முதுகு உங்கள் வலது உள்ளங்கைக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இடது கையால் இழுக்காதீர்கள், இணைக்குத் தோள் வலிக்கும். நீங்களே மூன்றில் அவரை நோக்கி ஓரடி போங்கள்.