வாத்து இறங்கிய ஆட்டம்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஆறு மாதம் 162 ஆட்டம் ஆடி முதலிடம் பிடித்த அணி, அக்டோபரில் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில் தோற்று ஒரே வாரத்தில் வீட்டுக்குப் போவது நியாயமா?

பதில்: நியாயமில்லைதான். ஆனால் அதற்காகத்தானே அக்டோபரில் கண் விழிக்கிறோம்!

2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 111 வெற்றி. சான் டியேகோ பாட்ரேஸ் 89. இரண்டும் மோதிய 19 ஆட்டங்களில் 14 டாட்ஜர்ஸுக்கே. அப்புறம் நாக்-அவுட்டில், முதலில் மூன்றை ஜெயிப்பவருக்கே வெற்றி என்ற ஐந்து ஆட்டத் தொடர் வந்தது. இரண்டாவது ஆட்டத்தின் நடுவே ஒரு வாத்து மைதானத்தில் இறங்கி, நடப்பது எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் புல்லில் உட்கார்ந்துகொண்டது. ஊழியர்கள் துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று ஜெயித்த பாட்ரேஸ், தொடரையும் 3-1 என்று வென்றது. அந்த வாத்துதான் அதிர்ஷ்டம் என்று அவர்களுடைய ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள்.

1968 வரை இந்த வம்பே இல்லை. அணிகள் பிரிந்து ஆடும் இரண்டு லீக்கிலும் முதலிடம் பிடித்தவர்கள் நேராக உலகத் தொடரில், அதாவது இறுதிப் போட்டியில், மோதினார்கள். இப்போது நாக்-அவுட்டில் 12 அணிகளுக்கு இடம். டி.வி. பணம், வேறென்ன!

ஆனாலும் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி ஊர்களில் ஆகஸ்டிலேயே ரசிகர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள். முதல் சுற்றை ஆடாமல் தாண்டும் அணிகளுக்கு, அடுத்த சுற்றை ஏழு ஆட்டமாக்கினால் போதும். 2001-ல் 116 வெற்றி பெற்ற சியாட்டில் மரினர்ஸ், ஏழு ஆட்டத் தொடரிலும் யாங்கீஸிடம் 4-1 என்று தோற்றதே என்கிறீர்களா? சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.