பூட்டிய கிளைக்குள் எதை விடலாம்?

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து ஒரு திறமூல பில்லிங் மென்பொருளை நடத்துகிறோம். 2.4 ரிலீஸுக்கான கிளையில் (வெளியீட்டுக்காகப் பிரித்துவைத்த நிரலின் தனிப் பாதையில்) இனி மாற்றம் கிடையாது என்று அறிவித்து இரண்டு வாரம் ஆகிறது. ஆனாலும் 'சின்னதுதானே' என்று ஆளாளுக்குக் கமிட் போடுகிறார்கள், அதாவது மாற்றங்களைப் பதிகிறார்கள். போன தடவை ரிலீஸ் கிளையில் மட்டும் சரிசெய்த ஒரு பிழை, அடுத்த பதிப்பில் திரும்ப வந்து நின்றது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: அறிவித்தால் மட்டும் கிளை உறைந்துவிடாது. நிரலைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் கிளைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. நேரடி புஷ் (மாற்றத்தை நேராகக் கிளையில் ஏற்றுவது) கூடாது, ஃபோர்ஸ் புஷ் (பழைய வரலாற்றின் மேலேயே எழுதுவது) கூடாது, சோதனைகள் தேறாமல் மெர்ஜ் (கிளையோடு இணைப்பது) கூடாது என்று வையுங்கள். கிட்ஹப்பில் அட்மின்களும் இதை மீற முடியாதபடி செய்யும் பெட்டி ஒன்று உண்டு. அதையும் மறக்காமல் டிக் செய்யுங்கள். பல திட்டங்களில் பூட்டைத் தாண்டுபவர் சாவி வைத்திருப்பவர்தான்! இதெல்லாம் பத்து நிமிட வேலை.

எதை உள்ளே விடுவது என்பதுதான் தலைவலி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், வெளியான பதிப்புகளுக்குத் திருத்தம் சேர்க்கும் ஸ்டேபிள் கிளைகளுக்கு எழுதிவைத்த விதிகள் இருக்கின்றன. பேட்ச் (திருத்தம்) முதலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் சேர்ந்திருக்க வேண்டும். சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்கு மேல் போகக் கூடாது. நிஜமாகவே ஆட்களைப் படுத்தும் பிழையைச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்குத் தேவையானது அந்த முதல் விதி. மாற்றம் மெயினில் (முதன்மைக் கிளையில்) முதலில் சேரட்டும், அங்கிருந்து செர்ரி-பிக் ஆகி, அதாவது அந்த ஒரு கமிட் மட்டும் நகலெடுக்கப்பட்டு, ரிலீஸ் கிளைக்கு வரட்டும். செர்ரி-பிக் செய்யும்போது 'எக்ஸ்' (-x) விருப்பத்தைச் சேர்த்தால் மூலக் கமிட்டின் அடையாள எண் புதிய கமிட்டின் செய்தியிலேயே பதிவாகிவிடும். போன தடவை இந்த வரிசை தலைகீழானதால்தான் பிழை திரும்ப வந்தது.

ஒரு உதாரணம். பில் தொகையில் பைசாவை முழுமையாக்கும் கணக்கு தப்பு. திருத்தம் நாலு வரி. எழுதியவர் போகிற போக்கில் மாறிகளின் பெயரை மாற்றி, அந்தக் கோப்பையே ஒழுங்குபடுத்தி அறுபது வரியாக அனுப்புகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் நாலு வரியைத் தனிக் கமிட்டாக்கித் தரச் சொல்லுங்கள். மீதி மெயினிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இறுக்கவும் வேண்டாம். லினக்ஸ் இயங்குதள வகைகளில் ஒன்றான டெபியனின் 12-ஆம் பதிப்புக்கு 2023 ஜனவரி 12-இல் முதல் கட்ட உறைவு தொடங்கியது. பிப்ரவரியில் மென்மையான கட்டம், மார்ச்சில் கடுமையான கட்டம், மே கடைசியில் முழு உறைவு, ஜூன் 10-இல் வெளியீடு. முழு உறைவில் அதில் அடங்கிய எந்த மென்பொருள் பொதியைப் புதுப்பிக்க நினைத்தாலும், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை முழுசாக ஒட்டி வெளியீட்டுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு பேருக்கு இவ்வளவு சடங்கு வேண்டாம். ஒருவரை ரிலீஸ் பொறுப்பாளராக வையுங்கள். மாற்றம் கேட்பவர் மூன்று வரி எழுதட்டும்: என்ன உடைகிறது, யாருக்கு, அடுத்த திருத்தப் பதிப்பான 2.4.1 வரை பொறுத்தால் என்ன ஆகும். மூன்றாவது வரியை எழுத உட்கார்ந்ததும் பாதிப் பேர் தாங்களே பின்வாங்கிவிடுவார்கள். பொறுப்பாளர் எழுதிய பேட்சுக்கு இன்னொருவரின் ஒப்புதல் கட்டாயம்.

திரையில் வரும் வாசகங்களையும் பூட்டுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தும் மென்பொருளில் ஆங்கில வாசகத்தில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தாலும் மொழிபெயர்ப்பின் இணைப்பு அறுந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் மறுபடி பார்த்து உறுதிசெய்யும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். ராத்திரி உட்கார்ந்து தமிழாக்கம் செய்தவருக்குத்தான் அந்த வலி தெரியும். லினக்ஸின் திரைச்சூழலான க்னோம் திட்டத்தில் இதற்கென்றே தனி உறைவுக் கட்டம் இருக்கிறது.

அப்புறம், ஏற்கெனவே உள்ளே போனவற்றைப் பாருங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் 'கிட் செர்ரி' என்று ஒரு கட்டளை உண்டு. செர்ரி-பிக் வேறு, இது வேறு. முதலில் மெயின், அடுத்து ரிலீஸ் கிளை என்று பெயர் கொடுத்தால், மெயினில் இல்லாத கமிட்டுகள் கூட்டல் குறியோடும், அதே மாற்றம் அங்கேயும் இருப்பவை கழித்தல் குறியோடும் வரும். செர்ரி-பிக்கின்போது மோதல் வந்து கையால் திருத்தியவையும் கூட்டல் குறியோடு வரலாம், அதனால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இந்த இரண்டு வாரத்தில் நுழைந்தவற்றில் எவை மெயினுக்குப் போக வேண்டும், எவற்றை ரிவர்ட் செய்ய (திரும்பப் பெற) வேண்டும் என்று 2.4-க்கு டேக் (பதிப்பின் பெயர்க் குறி) போடுவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.