சாம்பலுக்குள் சிவப்பு எது, நீலம் எது?

போர்க்காலப் படம் என்றதும் வன்னியில் மனம் போகிற இடம் வேறு. இம்முறை வந்த கேள்விகள் 1939–45 யுத்தப் படங்களைப் பார்த்து மாதிரி விமானம் கட்டுவோருடையவை.

கேள்வி: 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் நடத்திய கொழும்புத் தாக்குதல் கால ஹரிகேன் என்ற பிரித்தானியச் சண்டை விமானம் ஒன்றை 1/48 அளவில் கட்டுகிறேன். ஒரு படத்தில் உடலில் உள்ள நாட்டு அடையாள வட்டக்குறியின் வெளிவளையம் கறுப்பு, இன்னொன்றில் கிட்டத்தட்ட வெள்ளை. எதை நம்புவது?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: இரண்டையும் நம்பலாம். இரண்டிலும் வளையம் மஞ்சள்தான், ஃபிலிம்தான் வேறு. ஓர்த்தோகுரோமற்றிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பு கரியாக விழும், மஞ்சள் அடர்சாம்பலாகும், நீலம் வெளிறிப்போகும். பான்குரோமற்றிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் வாங்கும். மஞ்சள் வெளிச்சமாக வரும். சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் நிற்கும், பெரும்பாலும் நீலம் ஒரு படி கறுப்பு.

எந்த ஃபிலிம் என்பதை அந்தப் படத்திடமே கேட்கலாம். வாலில் நிமிர்ந்து நிற்கும் மூன்று நிறப் பட்டையைப் பாருங்கள். இந்த யுத்தத்தில் பிரித்தானிய விமானத்தில் சிவப்பு முன்பக்கம், நீலம் பின்பக்கம். இரண்டும் ஒரே தகட்டில், ஒரே வெயிலில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதைவிட நல்ல நிற அட்டை கிடைக்காது. படத்தைக் கணினியில் திறந்து, நிறம் தொட்டெடுக்கும் கருவியால் ஒவ்வொரு பட்டையிலும் பத்து இடம் தொட்டு, 0 முதல் 255 வரை வரும் எண்களின் சராசரியை எடுங்கள். முன்பட்டை 40, பின்பட்டை 120 என்று வந்தால் அது ஓர்த்தோ. இரண்டும் நெருங்கி நின்றால் பான். நிழல் விழுந்த இடத்தைத் தொடாதீர்கள். ஸ்கேன் செய்யும்போது ‘தானியங்கித் திருத்தம்’ நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அது கறுப்பையும் வெள்ளையையும் தன் இஷ்டத்துக்கு இழுத்து எண்களைக் கெடுத்துவிடும். செயலி நிறம் பூசிக் கொடுத்த படத்தை இதற்கு எடுக்கவே வேண்டாம். அதில் இருப்பது செயலியின் ஊகம்.

இன்னொன்று. நீங்கள் வாங்கிய மாதிரி விமானப் பெட்டியில் மெல்லிய மஞ்சள் வளையமும் ஒடுங்கிய வெள்ளையும் உள்ள சி1 என்ற வகை வட்டக்குறி வந்திருந்தால் ஒதுக்கி வையுங்கள். அது 1942 நடுப்பகுதியில் வந்த மாற்றம். ஏப்ரல் 5க்கு உடலில் தடித்த மஞ்சள் வளையமுள்ள ஏ1 வகை, இறக்கையின் மேல்புறத்தில் சிவப்பும் நீலமும் மட்டுமுள்ள பி வகை.

கேள்வி: அதே தாக்குதலுக்கு வந்த ஜப்பானிய சீரோ விமானங்களின் வால்பக்க உடற்பட்டை சிவப்பா நீலமா?
– மாங்குளம் மாணவி

பதில்: பேர்ள் ஹார்பர் காலத்து ஒழுங்கில் அக்காகி கப்பலின் விமானங்களுக்கு ஒரு சிவப்புப் பட்டை, சோர்யுவுக்கு ஒரு நீலப் பட்டை, ஹிர்யுவுக்கு இரண்டு நீலப் பட்டை. அதே படத்தில் உள்ள சூரிய வட்டம் சிவப்பு என்பது நிச்சயம். பட்டையும் வட்டமும் ஒரே சாம்பல், படமும் ஓர்த்தோ என்றால் பட்டை சிவப்பு. பான் படத்தில் இந்தச் சோதனை பலிக்காது; வாலில் எழுதிய குறியைத்தான் வாசிக்க வேண்டும். இரண்டு சிவப்புப் பட்டை காகாவுக்கு உரியது. அந்தக் கப்பல் கொழும்புக்கு வரவேயில்லை.

கேள்வி: வட்டக்குறியின் உண்மையான அளவைப் படத்திலிருந்து எடுக்க முடியுமா?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: முடியும். அடிமட்டம் படத்துக்குள்ளேயே இருக்கிறது: பிரித்தானிய விமானத்தின் தொடர் எண்ணின் எழுத்து உயரம் வழக்கமாக 8 அங்குலம். உங்கள் ஸ்கேனில் அந்த எழுத்து 31 புள்ளி உயரம், வட்டம் 139 புள்ளி உயரம் என்று வையுங்கள். 139ஐ 31ஆல் பிரித்து 8ஆல் பெருக்கினால் 35.9. ஆகவே அது 36 அங்குல வட்டம், 1/72இல் 12.7 மில்லிமீற்றர், 1/48இல் 19 மில்லிமீற்றர்.

உயரத்தை மட்டும் அளவிடுங்கள். விமானம் சற்றுத் திரும்பி நின்றாலே அகலம் சுருங்கி வட்டம் முட்டையாகிவிடும். எழுத்தைவிட வட்டம் கமராவுக்குக் கிட்ட இருந்தால் பெரிதாகத் தெரியும், அதனால் பக்கவாட்டுப் படமே தேடுங்கள். அச்சிட்ட புகைப்படத்துக்கு 600 டிபிஐ போதும். புத்தகத்தில் இருந்து எடுத்தால் எவ்வளவு கூட்டினாலும் அச்சுப் புள்ளிதான் பெருக்கும்.

கேள்வி: வவுனியாவில் நின்ற போஃபோர்ட் என்ற பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கட்டுகிறேன். படத்தில் வட்டத்தின் நடு வெளிறியிருக்கிறது. நம் வெயிலில் சிவப்பு மங்கிவிட்டதா?
– ஓமந்தை வாசகர்

பதில்: வெயிலைக் குறை சொல்ல வேண்டாம். 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமானப் படையணிகளின்) போஃபோர்ட்டுகள் 1943இல் வவுனியாவில் நின்றன. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாதென்று, இந்தியா–இலங்கைப் பக்கத்து விமானங்களில் அந்த ஆண்டிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டு, நடுவில் இளநீலமும் சுற்றிக் கருநீலமும் பூசினார்கள். வெள்ளையில் நீலம் கலந்த அந்த இளநீலம் படத்தில் வெள்ளையாகவே ஏமாற்றும். வெள்ளை மையில் நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றும்போது நிறுத்துங்கள். எல்லா விமானத்திலும் ஒரே நாளில் மாற்றவில்லை. வட்டத்தைச் சுற்றி வேறு சாம்பலில் ஒரு திட்டு தெரிந்தால், பழைய பெரிய குறியை மூடிய பூச்சு அது. அதையும் மாதிரியில் காட்டுங்கள்.

றேடார் அன்டனா தெரியவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தணிக்கையாளர்கள் அவற்றை அழித்துவிட்டே பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் பின்னணி மரம் புகையாக மங்கியிருக்கிறதா என்று உருப்பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– நெடுங்கேணி வாசகர்

பதில்: எழுத்து தெரியாவிட்டால் பிட்டோ குழாயை, அதாவது வேகத்தை அளக்கும் மெல்லிய காற்றுக் குழாயைத் தேடுங்கள். ஹரிகேனிலும் ஸ்பிற்ஃபயரிலும் அது விமானியின் இடக்கைப் பக்க இறக்கைக்குக் கீழே. ஸ்பிற்ஃபயரில் விமானி ஏறும் சிறு கதவும் இடப்பக்கமே.

கேள்வி: வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்ட மஞ்சள் வளையம், ஒட்டியதும் காணாமல் போகிறது.
– புதுக்குடியிருப்பு மாணவர்

பதில்: இங்க்ஜெட் மையில் வெள்ளை கிடையாது, மஞ்சளும் ஒளி ஊடுருவும். தெளிந்த தாளில் அச்சிட்டால் கீழே உள்ள பச்சையும் மண்ணிறமும் அதை விழுங்கிவிடும். வெள்ளைப் பின்புறமுள்ள டெக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்) அச்சிட்டு விளிம்போடு வெட்டுங்கள்; இல்லையென்றால் மாதிரியில் முதலில் வெள்ளை வட்டம் பூசி அதன்மேல் ஒட்டுங்கள். அச்சிட்டபின் அக்ரிலிக் கிளியரை மெல்லியதாக மூன்று தடவை அடித்து நன்றாகக் காயவிடாமல் தண்ணீரில் போட்டால் மை கரையும். கச்சான் வீசும் நாளில் கிளியர் அடிக்காதீர்கள். தூசி முழுக்க அதில்தான் குடியிருக்கும்.