பீரோவில் இருக்கும் மூன்று கவர்கள்

கேள்வி: குரூப் 4 தேர்வில் தேறி, எட்டு மாதத்துக்கு முன் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை. எங்கள் பிரிவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கவர் வரும். முதல் இரண்டு வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மத்தியானம் யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. வேலை சொல்லித் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். "நீ வாங்காம இருந்தா நாங்கல்லாம் திருடங்கன்னு ஆயிடுதே பாப்பா" என்றார் மூத்த உதவியாளர். பயந்துபோய் மூன்று கவர்களை வாங்கிவிட்டேன். பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். எனக்குக் கோச்சிங் கட்டக் கடன் வாங்கினார். நானும் ஊரோடு ஒத்துப் போவதா, புகார் கொடுப்பதா, வேலையை விடுவதா?
- பெயர் வேண்டாம், 26 வயது வாசகி

பதில்:

அன்பு மகளுக்கு,

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உன் கடிதத்தில், யாரும் என்னோடு சாப்பிட உட்காரவில்லை என்ற இடத்தைத் தாண்ட முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பேராசைக்காரர்கள்தான் லஞ்சம் வாங்குவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைகளை அந்தப் பழக்கம் பிடிப்பது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில்தான்.

முதலில் அந்தக் கவர்களைப் பற்றிப் பேசிவிடுவோம். பிரிக்காமல் வைத்திருப்பதால் அது உன் பணம் இல்லை என்று உன் மனசுக்குத் தெரியும். சட்டம் அப்படிப் பார்க்கும் என்று நம்பியிருக்காதே. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு. பணம் நேராக வந்ததா, இன்னொருவர் கை வழியாக வந்ததா என்பது அங்கே பெரிய விஷயம் இல்லை. லஞ்ச ஒழிப்புத் துறையினர் திடீரென்று சோதனைக்கு வந்தால், கணக்கில் வராத பணம் யார் டிராயரில், யார் பையில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கேட்பார்கள். கவரை அனுப்பி வைத்தவர் அன்றைக்கு லீவில்கூட இருப்பார்.

அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். செலவழிக்காதே, பிரிக்காதே, அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டு போகாதே. எந்தெந்தத் தேதியில், யார் கையால், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைவிருக்கும்போதே எழுதி வை. இந்த வாரமே உங்கள் அலுவலகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, எதையும் மறைக்காமல் சொல். பணத்தை யாரிடம், எப்படி, எந்த எழுத்தோடு ஒப்படைப்பது என்பதை அவர் சொல்கிறபடி செய். நாலாவது கவர் மட்டும் உன் கைக்கு வரவே கூடாது.

சரி, இந்தப் பணம் எதற்காக வருகிறது? 1962இல், லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஊழலை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் தஞ்சைப் பக்கத்திலிருந்து போன க. சந்தானம். அந்தக் குழுவின் பரிந்துரையில்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டின் லஞ்ச ஒழிப்புத் துறை தொடங்கியதும் அதே வருடம்தான். ஸ்பீட் மணி என்று நாம் சொல்கிறோமே, அதைப் பற்றி அந்த அறிக்கை அன்றைக்கே தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தப் பணத்தைக் கொடுப்பவர் பெரும்பாலும் சட்டத்துக்கு விரோதமாக எதையும் கேட்பதில்லை, தன் கோப்பு நகர்ந்தால் போதும் என்றுதான் கொடுக்கிறார். கொடுத்துக் கொடுத்துப் பழகியபின், கவனித்தால் ஒழியக் கோப்பைத் தொடுவதில்லை என்று சில ஊழியர்களுக்கு வழக்கமாகிவிடுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், விதவை உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்த ஒரு பாட்டி ஏழாவது தடவையாக வந்து நின்றார். பக்கத்து இருக்கைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். கடைசியில் அந்தம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அன்றைக்கே கோப்பு மேலே போனது. எல்லாக் காகிதமும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வருடம் கழித்தும் அது என்னை விடவில்லை.

உன் மேசைக்கு வரும் கவர் அந்த முந்தானையிலிருந்துதான் வருகிறது. காத்திருப்புக்குத்தான் அங்கே விலை. ஒத்துப் போவதா என்று கேட்டாயே, அதற்கு என் பதில் இதுதான்: கூடாது. ஆனால் அந்த அலுவலகம் முழுவதையும் நீ ஒருத்தி திருத்த வேண்டும் என்று உன்மேல் பாரம் ஏற்றிக்கொள்ளாதே. உன் இருக்கையில் காத்திருப்பை விற்க முடியாமல் செய். எட்டு மாதப் பிள்ளையால்கூட அது முடியும்.

தபால் வந்த அன்றைக்கே தன்பதிவேட்டில், அதாவது உன் மேசைக்கு வரும் தபால்களைக் குறிக்கும் பதிவேட்டில், ஏற்று. எந்தத் தேதியில் வந்ததோ அந்த வரிசையில்தான் கோப்பை எடுக்க வேண்டும், யார் சிபாரிசு என்றாலும் சரி. மனுவில் குறை இருந்தால் எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கேள். இன்றைக்கு ரேஷன் கார்டு நகல், அடுத்த வாரம் வாரிசுச் சான்று, அதற்கடுத்த வாரம் பழைய பத்திரம் என்று தவணை முறையில் கேட்பதுதான் இந்தத் தொழிலின் முதல் தந்திரம், அதை உன் கையால் செய்யாதே. மனு எண்ணையும், அது இப்போது யார் மேசையில் இருக்கிறது என்பதையும் கேட்பவருக்குச் சொல். "இதைக் கொஞ்சம் நிறுத்தி வை" என்று வாய்மொழியாகச் சொன்னால், மரியாதையாக, "சார், குறிப்பில் எழுதிக் கொடுத்துடுங்க, நிறுத்தி வைக்கிறேன்" என்று கேள். நான் பார்த்தவரை பத்தில் எட்டுப் பேர் எழுத மாட்டார்கள். எழுதாதபோது குறிப்பைப் போட்டு, தேதியிட்டு, மேலே அனுப்பிவிடு. அப்புறம் அது உன்னிடம் நின்றது என்று யாரும் சொல்ல முடியாது.

கர்நாடகத்தில் பூமி என்ற திட்டம் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஏறக்குறைய 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அதுவரை ஒன்பதாயிரம் கிராமக் கணக்கர்கள் கையில் இருந்த பதிவேடு அது. 15 ரூபாய் கட்டினால் தாலுகா மையத்திலேயே நகல் கிடைத்தது. கணினியை விட எனக்குப் பிடித்தது அதில் இருந்த ஒரு விதி. பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க முடியும், பின்னால் வந்ததை முன்னால் நகர்த்த வழியில்லை. ஆனால் கணினி மட்டும் வந்தால் போதாது. நம் ஊரில் இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்குப் பதிந்துவிட்டு வந்தவருக்கு, "நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று போன் வருவதை நீயே பார்த்திருப்பாய். வரிசை மனிதர் கையில் இருக்கும்வரை அந்தப் போனும் வரும்.

அடுத்தது புகார். புகார் கொடுப்பது சரியான காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விலையை உன்னிடம் மறைத்தால் நான் பெரியவனே இல்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பெயர் வெளியே போனது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொன்றார்கள். இப்படி முன்வருகிறவர்களைக் காக்க 2014இல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். நிறைவேற்றி ஆண்டுகள் பல ஆகியும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருந்தது இந்த நாட்டின் பெரிய அநியாயங்களில் ஒன்று.

அதனால் தனியாக, கோபத்தில், மொட்டைக் கடிதமாக எதுவும் எழுதாதே. வழக்கறிஞரோடு பேசியபின், எழுதி வைத்த குறிப்புகளோடு போ. இதற்கு நடுவில் உன் மேசைக்கு வரும் மனுதாரர் யாராவது, பணம் கேட்கிறார்கள் என்று அழுதால், லஞ்ச ஒழிப்புத் துறையில் அவரே எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்று தைரியமாகச் சொல். பினாப்தலின் என்ற ரசாயனம் தடவிய நோட்டும் வேறு துறை சாட்சிகளுமாக வந்து பிடிப்பது அவர்கள் வேலை. கட்டாயத்தின் பேரில் ஏற்கெனவே கொடுத்துவிட்டவராக இருந்தால், 7 நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி, அந்த 7 நாள்தான் அவருக்குக் காப்பு. இது தெரியாமல் மாட்டிக்கொள்கிற ஏழைகள் நிறைய.

வேலையை விடாதே. நீ எழுந்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்பது உன் மூத்த உதவியாளருக்கு நன்றாகத் தெரியும்.

வேலை சொல்லித் தர மாட்டேன் என்கிறார்களா? மாவட்ட அலுவலக நடைமுறை நூலை வாங்கி ராத்திரி பத்துப் பக்கம் படி. துறைத் தேர்வுக்கு எப்படியும் படிக்க வேண்டியதுதான். விதி தெரிந்தவளை மிரட்டுவது கஷ்டம். பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கு நடக்கும் பயிற்சிக்கு உன்னை அனுப்புவார்கள். அங்கே பல மாவட்டங்களிலிருந்தும் உன் வயதுப் பிள்ளைகள் வருவார்கள், அதில் கவர் வாங்காதவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து நம்பரை வாங்கிக்கொள். எனக்கு அப்படி இரண்டு பேர் கிடைத்தார்கள். மாற்றல் வந்தபோதெல்லாம் என்னைத் தாங்கியது அவர்கள்தான். அலுவலகத்தில் இருப்பவர்களிடம் முகம் கொடுத்துப் பேசு, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போ, உபதேசம் மட்டும் செய்யாதே. அவர்களில் ஒருவராவது உன்னைப் போலப் பயந்து தொடங்கியவராக இருப்பார்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று உன் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. லாரி ஓட்டுகிறவர், செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட் நோட்டை நீட்டி நீட்டி வாழ்ந்திருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று உன்னைவிட அவருக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தால், வழக்கறிஞரிடம் போகும் முன், பீரோவைத் திறந்து அவருக்குக் காட்டு.