மிஸஸ் ரூஸ்வெல்ட்டின் காகிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

வாசகி, காரைக்குடி: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் தினமும் பத்திரிகையில் பத்தி எழுதியவர் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். நிஜமாகவே அவர் எழுதியதா, ஆள் வைத்து எழுதியதா?

அவருடையதுதான், சந்தேகமே வேண்டாம். அவர் சொல்லச் சொல்லச் செயலாளர் மால்வினா தாம்சன் டைப் அடிப்பார், ஊர் ஊராகப் போகும்போதும் இதே கதைதான். ‘மை டே’ என்ற அந்தப் பத்தி 1935 டிசம்பர் 30 அன்று தொடங்கி 1962 செப்டம்பர் வரை வந்தது, அதில் பெரும்பகுதி வாரத்துக்கு ஆறு நாள். 1945 ஏப்ரலில் கணவர் இறந்தபோதுகூட நான்கு நாள்தான் நிறுத்தினார். முதல் பத்தியைப் படித்தாலே யார் கை என்று தெரிந்துவிடும்: வீடு முழுக்க இளவட்டங்கள், கணவருக்குச் சளி, பாலில் ஊறிய ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், இவர் ஏழரை மணிக்கே எல்லோருக்கும் குட்நைட் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தட்டில் சாப்பாட்டோடு தனியாக உட்கார்ந்துவிடுகிறார். வெள்ளை மாளிகையில் இருந்துகொண்டு இதை எழுத ஒரு தைரியம் வேண்டும்.

வாசகர், திண்டுக்கல்: அன்றாடம் இவ்வளவு எழுதித் தள்ளியவருக்குத் தனிப்பட்ட காகிதங்கள் வேறு எதற்கு? எல்லாம்தான் பத்தியில் இருக்கிறதே?

எல்லாம் இல்லை சார், அங்கேதான் விஷயமே. 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு வாஷிங்டனில் கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கைத் தர மறுத்தார்கள். அரங்கம் ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ என்ற சங்கத்துக்குச் சொந்தம், எலினோரும் அதில் உறுப்பினர். பிப்ரவரி 27 பத்தியில், தனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்யும் சங்கத்துக்குள் இருந்துகொண்டே போராடுவதா, வெளியே வந்துவிடுவதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் விலகிவிட்டேன் என்கிறார். எந்தச் சங்கம், எந்தப் பாடகி? ஒரு பெயர் கிடையாது! முந்தின நாள் தேதியிட்ட ராஜினாமாக் கடிதத்தில் அந்தப் பூடகம் எல்லாம் கிடையாது. நல்ல வழி காட்ட உங்களுக்கு ஒரு வாய்ப்பு வந்தது, கோட்டைவிட்டுவிட்டீர்கள் என்று சங்கத் தலைவிக்கே நேராக எழுதியிருக்கிறார். பத்தியை மட்டும் படித்தவருக்கு எலினோர் பக்குவமான குடும்பத் தலைவி. கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஊருக்கு எவ்வளவு சொல்லலாம், உரியவருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து எழுதத் தெரிந்த அரசியல்வாதி. எனக்கு இரண்டாமவரைத்தான் பிடிக்கிறது. (அந்த ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடினார், சுமார் 75,000 பேர் திரண்டார்கள்.)

வாசகி, நாகர்கோவில்: இறந்துபோனவர்களின் அந்தரங்கக் கடிதங்களை எடுத்துப் படிப்பது அசிங்கமாக இல்லையா?

நீங்கள் எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. லொரேனா ஹிக்கொக் ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபர், 1932 தேர்தல் சமயத்தில் எலினோரைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போய் நெருங்கிய தோழியானவர். இருவருக்கும் நடுவே ஓடிய கடிதங்கள் 3,000-க்கு மேல். நீ கொடுத்த மோதிரம்தான் எனக்கு ஆறுதல் என்கிற அளவுக்கு உருகி எழுதியவை அதில் உண்டு. ஆனால் யாரும் பூட்டை உடைத்து எடுக்கவில்லையே! ஹிக்கொக்கே 1958-இல் அவற்றை ரூஸ்வெல்ட் நூலகத்துக்குக் கொடுத்தார், நான் இறந்து பத்து வருஷம் கழித்துத்தான் திறக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. 1968-இல் அவர் காலமானார், 1978-இல் பெட்டிகள் திறந்தன, அப்புறம் ஒரே பரபரப்பு. கொடுப்பதற்கு முன் சிலதை எரித்தார், சிலதை வெட்டி ஒட்டி மறுபடி டைப் அடித்து வைத்தார். எரிக்கும் உரிமை அவருக்கு இருந்தது, கொடுக்கும் உரிமையும் இருந்தது. அதனால் படிப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு எரிந்ததில் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல்.

வாசகர், விருத்தாசலம்: சாதாரண ஜனங்கள் யாராவது அவருக்கு எழுதினார்களா?

யாராவதா! எனக்கு எழுதுங்கள் என்று 1933-இல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அவர் போட்டதுதான் போட்டார், அந்த வருஷம் மட்டும் வந்தது சுமார் 3 லட்சம். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். பள்ளிப் பிள்ளைகள், உங்கள் பழைய கோட்டு ஏதும் இருந்தால் அனுப்புங்கள், வெட்டித் தைத்துக்கொள்கிறோம் என்று எழுதினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரத்திலிருந்து 1935 ஜனவரியில் ஒரு கர்ப்பிணி எழுதியதை என்னால் மறக்கமுடியவில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணிமணி வாங்க உதவி கேட்கிறார், சும்மா இல்லை, கடனாக. ஈடாகக் கடிதத்தோடு இரண்டு மோதிரங்களையும் வைத்து அனுப்பியிருக்கிறார், ஒன்று கணவர் கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்தது, மற்றது அம்மா போட்டிருந்தது. அதிபரின் மனைவியிடம் அடகு வைத்துக் கேட்கிற மானத்தைப் பாருங்கள். ஆனால் பணம் கேட்டு எழுதிய எல்லோருக்கும் அவரால் கொடுக்க முடியவில்லை. நிறையப் பேருக்குப் போனது, வருந்துகிறோம் என்கிற மாதிரிப் பதில்தான்.

வாசகி, மதுரை: உங்களைப் போலக் கேள்வி பதில் எழுதியிருக்கிறாரா?

கேட்டீர்களே! 1941 முதல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’, 1949 முதல் ‘மெக்கால்ஸ்’, இரண்டிலும் கேள்வி பதில் பகுதி அவருடையது, கடைசி வருஷம் வரை. பொறாமையாக இருக்கிறது, வேறென்ன.

வாசகர், ஈரோடு: இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

காகிதங்கள் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் ஊரில், 1941-இல் திறந்த ரூஸ்வெல்ட் நூலகத்தில் இருக்கின்றன. ‘மை டே’ பத்திகளுக்கு விமான டிக்கெட் வேண்டாம், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, தேதி வாரியாகத் தேடலாம். எஃப்பிஐ அவர்மேல் வைத்திருந்த கோப்பும் வெளியே வந்துவிட்டது, 3,000 பக்கத்துக்கு மேல். முதலில் பத்தியைப் படியுங்கள், அதுதான் சுவாரசியம்.