படிக்கிறதே தெரியாம படிப்பாங்க

வணக்கம் சார்,

என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கொஞ்ச நாளாக என் செல்போனில் எதைத் திறந்தாலும் ஒரு பொம்மை விளம்பரம் வருகிறது. ஒரு பையன் நோட்டின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கி வழிகிறான். அவன் அம்மா கவலையோடு பார்க்கிறாள். அப்புறம் ஒரு பெட்டி வருகிறது. திறந்தால் குட்டி லேப்டாப் மாதிரி ஒன்று, பட்டனை அமுக்கினால் எழுத்து, எண், பாட்டு. பையன் துள்ளிக் குதிக்கிறான். "படிக்கிறதே தெரியாம படிப்பாங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான்.

தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன் அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். போன வாரம் புத்தகத்தை எடுத்ததும், "இது போர்மா, அந்த லேப்டாப் வாங்கிக் குடு, அதுல படிக்கிறேன்" என்றாள். அதற்கு முன் அவள் எதையுமே போர் என்று சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "விளம்பரம்னா அப்படித்தான் இருக்கும், நீதான் ரொம்ப யோசிக்கிற" என்கிறார். விலை 2,400 ரூபாய். தீபாவளிக்கு நானே வாங்கித் தருகிறேன் என்று என் மாமியார் பேத்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த விளம்பரங்கள் படிப்பைப் பற்றிக் குழந்தைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுக்கின்றனவா, இல்லை நான்தான் அதிகம் யோசிக்கிறேனா? அதை வாங்கலாமா வேண்டாமா?

ம., ஈரோடு

*

அன்புள்ள ம.,

நீங்கள் அதிகம் யோசிக்கவில்லை. அந்த "போர்" எங்கிருந்து வந்தது என்று உங்கள் காது சரியாகவே பிடித்துவிட்டது. ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கிற கதை படிப்பா விளையாட்டா என்று உங்கள் மகள் இதுவரை யோசித்திருக்கவே மாட்டாள். விளக்கு, அம்மா, புத்தகம், தூக்கம், எல்லாம் சேர்ந்த ஒரே சமாச்சாரம் அவளுக்கு. அதை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் இருப்பது படிப்பு, அது தூங்க வைக்கும், அந்தப் பக்கம் இருப்பதுதான் ஜாலி என்று அரை நிமிடத்தில் பாகப்பிரிவினை செய்து கொடுத்திருக்கிறது அந்த விளம்பரம்.

"படிக்கிறதே தெரியாம" என்பதை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். குழந்தைக்குத் தெரியாமல் நாம் எதையெல்லாம் கொடுப்போம்? பூச்சி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுப்போம். கசப்பு மருந்தைத் தேனில் குழைப்போம். பிடிக்காது என்று நாமே முடிவு கட்டியதைத்தான் ஒளித்துக் கொடுப்போம், நல்ல மாம்பழத்தை யாரும் எதற்குள்ளும் ஒளித்து வைப்பதில்லை. பொம்மை எழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறதோ இல்லையோ, எழுத்து கசக்கும் என்பதை விளம்பரம் முதலிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி விளம்பரம் என்றால் அப்படித்தான், பெரியவர்களான நமக்கு. நமக்குத் தெரியும், இவன் விற்கிறான், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான் என்று. ஏழெட்டு வயது வரைக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கணக்கே பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004இல் சொன்னது. தன்னை வாங்க வைப்பதற்காக ஒருத்தர் பேசுகிறார் என்பது உங்கள் மகளுக்குத் தெரியாது. பாட்டி சொல்வது எப்படியோ, மிஸ் சொல்வது எப்படியோ, அப்படித்தான் அந்தக் குரலும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யவே கூடாது என்று 1980 முதல் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அதெல்லாம் நடக்கிற காரியமா என்பது வேறு கதை.

ஆனால் ஒரு இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. அந்த விளம்பரம் குழந்தையிடம் பேசுகிறது என்று நினைக்கிறீர்கள். 2,400 ரூபாய் ஐந்து வயதுக் குழந்தையிடம் எங்கே இருக்கிறது? நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள், பையன் தூங்கி வழிந்ததும் அடுத்த வரியில் அம்மாவின் கவலை முகம் வந்துவிடுகிறது. விற்கிற சரக்கு அந்த முகம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரைக்கும் எண்ணுகிறதே, நம் பிள்ளை இன்னும் நாற்பதிலேயே நிற்கிறதே என்று அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருக்கும் பாருங்கள், அதற்கு விலை போட்டுப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

இந்த வியாபாரத்தின் பெரிய அண்ணன் என்று அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டைன்' இருந்தது. 1990களின் பிற்பாதியில், முன்பு ஆசிரியையாக இருந்த ஒரு தாய் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து எடுத்த வீடியோவில் ஆரம்பித்தது. பொம்மைகள் ஆடும், பின்னால் மென்மையான இசை ஓடும், கைக்குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும். 2001இல் டிஸ்னி அதை வாங்கியது. குழந்தைக்கு ஐன்ஸ்டைன் பெயரை வைத்துவிட்டால் அப்புறம் விளம்பரத்துக்குத் தனியாக வேறு வசனம் எதற்கு? இது புத்தியை வளர்க்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, குழந்தைகளை வியாபாரத்திலிருந்து காக்கப் பாடுபடும் ஓர் அமைப்பு 2006இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை, கம்பெனி தன் வலைத்தளத்தில் இருந்த சில வாசகங்களை மட்டும் மாற்றிக்கொண்டது. அத்தோடு விவகாரம் அடங்கிவிடவும் இல்லை. 2009இல் டிஸ்னி, பழைய டிவிடியைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 15.99 டாலர் தருகிறோம், ஒரு வீட்டுக்கு நான்கு வரைக்கும், என்று அறிவித்தது. எங்கள் மேல் தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. எந்தக் கம்பெனிதான் சொல்லியிருக்கிறது?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூடி டிலோச்சும் கூட இருந்தவர்களும் செய்தது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, வார்த்தைகள் கற்றுத் தருவதாகச் சொல்லி விற்கிற ஒரு வீடியோவை நான்கு வாரம் வீட்டில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். சில வீடுகளில் வீடியோவே கிடையாது, அதே வார்த்தைகளை அம்மா அப்பா போகிற போக்கில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்னும் சில வீடுகளில் இரண்டுமே கிடையாது. கடைசியில் பார்த்தால், வீடியோ பார்த்த குழந்தைகள் ஒன்றுமே பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாகக் கற்றிருக்கவில்லை. பெற்றோர் சொல்லிக் கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றிருந்தன. இதுகூடப் பரவாயில்லை, எதிர்பார்க்கக்கூடியதுதான். வீடியோவைப் பார்த்து யார் யாருக்கெல்லாம் ரொம்பப் பிடித்துப் போனதோ அந்தப் பெற்றோர்தான் தங்கள் குழந்தை நிறையக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அடித்துச் சொன்னார்களாம். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம். வாங்கி வந்த பிறகு, "பாத்தியா, ஒரே வாரத்துல ஏபிசிடி சொல்லிட்டா" என்று அவர் சொல்லத்தான் போகிறார்.

நானும் அப்படி வாங்கியவன்தான். என் தங்கையின் பேரனுக்கு மூன்று வயதாக இருந்தபோது இதே மாதிரி ஒரு பட்டன் பலகை வாங்கிக்கொண்டு போனேன். பெட்டி மேல் ஒரு குழந்தை, அதன் மண்டைக்குள் மஞ்சள் பல்பு எரிகிற படம். பையன் 'ஏ'யை அமுக்கினான், "ஏ ஃபார் ஆப்பிள்" என்று ஒரு வெள்ளைக்காரி குரல் வந்தது. 'பி'யை அமுக்கினான், "பி ஃபார் பால்". ஐந்து நிமிடத்தில் ஒன்று கண்டுபிடித்துவிட்டான். அவள் முடிப்பதற்குள் அடுத்த பட்டனை அமுக்கினால் முதல் வாக்கியம் பாதியில் அறுந்துவிடும். ஏ ஃபா, பி ஃபா, சி ஃபா, டி ஃபா. கட்டிலில் விழுந்து விழுந்து சிரிக்கிறான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கூடச் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். "டேய், ஒழுங்கா அமுக்குடா, முழுசாக் கேளு" என்று அதட்டினேன். நான் கொடுத்த காசு வீணாகிறதே என்று எனக்கு. கொஞ்ச நேரம் கழித்து, பலகையைத் திருப்பிப் பின்பக்க ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, "உள்ள யாரு தாத்தா இருக்கா?" என்று கேட்டான். "யாரும் இல்ல, நீ அமுக்கு" என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியான ஒரே கேள்வியைக் கேட்டது அவன், அதை மூடி வைத்தது நான், அந்தப் பலகை எங்கள் இரண்டு பேரையும் பற்றிக் கவலைப்படாமல் இ ஃபார் எலிபன்ட் என்றது.

பேசுகிற பொம்மை வந்தால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா 26 குழந்தைகளை, எல்லாம் 10 முதல் 16 மாதம், அவர்கள் வீட்டிலேயே வைத்துச் செய்த ஆய்வு. 2015 கடைசியில் வெளிவந்தது. சத்தம் போடும் எலெக்ட்ரானிக் பொம்மையோடு இருக்கும்போது பெற்றோர் நிமிடத்துக்குச் சுமார் 40 வார்த்தை பேசினார்கள். சாதாரண மரப்பொம்மை, கட்டை, புதிர் என்றால் 56. புத்தகம் என்றால் 67. நீங்கள் ராத்திரி வாசித்துக் காட்டுகிறீர்களே, அந்த 67.

சட்டம் ஒன்றும் செய்யாதா என்றால், ஓரளவுக்குச் செய்யும். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பரங்களுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒரு பொருள் குழந்தையின் அறிவைக் கூட்டும் என்று தகுந்த ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். ஆனால் சட்டத்தால் சொல்லைத்தான் பிடிக்க முடியும். 1992இல் மேட்டல் கம்பெனி ஒரு பேசும் பார்பியை இறக்கியது. 270 வாக்கியங்களிலிருந்து ஒவ்வொரு பொம்மைக்கும் நான்கு. அதில் ஒன்று, கணக்கு வகுப்பு கஷ்டம் என்பது. ஒரு பெண் பொம்மை பெண் குழந்தைகளிடம் அதைச் சொன்னால் சும்மா இருப்பார்களா, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் சண்டைக்கு வந்தது, சில மாதத்திலேயே கம்பெனி அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. வாயைத் திறந்து சொன்னதால் மாட்டிக்கொண்டது. உங்கள் விளம்பரத்தில் அந்தப் பையன் ஒன்றுமே சொல்லவில்லை. நோட்டின் மேல் தலையை வைத்துத் தூங்குகிறான், அவ்வளவுதான். தூங்குவதற்கு என்ன ஆதாரம் என்று எந்த ஆணையம் கேட்கும்?

அப்புறம் ஒன்று, கொஞ்சம் கசக்கும். படிப்பு வேறு விளையாட்டு வேறு என்று பிரித்தது விளம்பரக் கம்பெனி இல்லை. "வெளையாண்டது போதும், வந்து படி." சாயங்காலம் ஆறரை மணிக்கு எந்தத் தெருவில் நின்றாலும் இது காதில் விழும், நானும் என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் மார்க் குறைந்தால் கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் போடுகிற வீடுகள் எத்தனை. அந்த விளம்பரத்தை எழுதியவரும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருப்பார். நம்மிடமிருந்து எடுத்ததை நமக்கே பெட்டி போட்டு விற்கிறார்.

இதற்காக அந்தக் காலத்தில் பம்பரம், கோலி, பல்லாங்குழி, ஆஹா என்று நான் கிளம்பப் போவதில்லை. பம்பரத்தில் கயிற்றைச் சுற்றிச் சுண்டி விடுவதற்கு எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது, யாரும் அதற்கு மூளை வளர்ச்சி என்று பெயர் வைக்கவில்லை, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே திருவிழாக் கடையில் என் தங்கைக்கு வாங்கியது செப்புச் சாமான். குட்டி அடுப்பு, குட்டிப் பானை, குட்டி அம்மி. எந்த விளம்பரமும் இல்லாமலே அவள் என்ன கற்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது. மரத்தில் செய்ததாலேயே ஒரு பொம்மை நல்லதைத்தான் சொல்லும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

சரி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டி வாக்குக் கொடுத்தாயிற்று, அதில் நீங்கள் குறுக்கே போனால் தீபாவளி தீபாவளியாக இருக்காது. வாங்கட்டும். அவளிடம் கொடுக்கும்போது "இதுல படிக்கலாம்" என்று மட்டும் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொம்மை என்றே கொடுங்கள், அவள் அதை அறுந்த வாக்கியம் பேச வைத்தாலும் சரி, தலைகீழாகப் போட்டு அடுப்பாக்கினாலும் சரி. ராத்திரிக் கதையை நிறுத்த வேண்டாம். போர் என்றால் எது போர் என்று கேளுங்கள், ஒருவேளை அந்தப் புத்தகமே நிஜமாக போர்தானோ என்னவோ, அப்படியும் நிறைய வருகின்றன. அப்புறம், பேட்டரி தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கிப் போடாதீர்கள். இரண்டு நாள் அப்படியே விட்டு, சத்தம் வராத அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.